அமெரிக்க வணிகச் சட்டம்: இந்திய நிர்வாகிகள் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்குத் தேவையான நீர், பாலாற்றின் பேத்தமங்களா நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வழியே சென்றது. 1880 முதல் அச்சுரங்கங்களை நிர்வகித்த பிரிட்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம், மைசூர் அரசின் குத்தகை விதிகளுக்கு உட்பட்டு, ராயல்டி செலுத்தியே தொழில் நடத்தியது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. இன்று தங்கவயல் பகுதியினர் பலர் வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலில் செல்கின்றனர். அங்கும் சென்னையிலும் அமெரிக்க நிறுவனங்களில் பொறுப்பு வகிப்போர், இந்தியச் சட்டத்துடன் அமெரிக்கச் சட்டத்தையும் அறிந்திருப்பது அவசியம்.

எந்த அமைப்பு, எந்தப் பணி?

அமெரிக்காவில் நிறுவனங்களைப் பதிவு செய்வது மத்திய அரசு அல்ல, மாகாணங்களே. பெருநிறுவனங்கள் பல டெலாவேர் மாகாணத்தில் பதிவு பெற்றுள்ளன. பங்குச் சந்தையைப் பங்கு பரிவர்த்தனை ஆணையமும், வணிகப் போட்டி, நுகர்வோர் நலன் ஆகியவற்றை மத்திய வர்த்தக ஆணையமும், மருந்துகளை உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் கண்காணிக்கின்றன.

எல்லை தாண்டும் சட்டம்

வெளிநாட்டு அரசு அதிகாரிகளுக்கு லஞ்சம் அளிப்பதை 1977-ஆம் ஆண்டின் வெளிநாட்டு ஊழல் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டுமன்றி, அந்நாட்டுப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற இன்ஃபோசிஸ், விப்ரோ போன்ற இந்திய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். இடைத்தரகர் அல்லது ஒப்பந்ததாரர் மூலம் பணம் அளிப்பதும் குற்றமே. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் உண்மையான கணக்கைப் பராமரிக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் கட்டாய விதி.

சென்னை தந்த பாடம்

சென்னையில் அலுவலக வளாகம் கட்டுவதற்கான திட்ட அனுமதிக்காக 2014-இல் தமிழக அரசு அதிகாரி ஒருவருக்கு 20 லட்சம் டாலர் லஞ்சம் அளிக்க, ஒப்பந்ததாரர் மூலம் ஏற்பாடு செய்யப்பட்டதாக அமெரிக்காவின் காக்னிசன்ட் நிறுவனம் மீது குற்றச்சாட்டு எழுந்தது. ஒப்பந்ததாரருக்கு அத்தொகையை ஈடுசெய்ய, கட்டுமானச் செலவுக் கணக்கில் போலி மாற்றங்கள் காட்டப்பட்டதாகவும் பங்கு பரிவர்த்தனை ஆணையம் தெரிவித்தது. குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும், 2019 பிப்ரவரியில் 2.5 கோடி டாலர் செலுத்தி நிறுவனம் அவ்விவகாரத்தை முடித்துக்கொண்டது. தானாக முன்வந்து தகவல் அளித்து ஒத்துழைத்ததால், நீதித் துறை அந்நிறுவனத்தின் மீது குற்ற வழக்குத் தொடரவில்லை. முன்னாள் உயரதிகாரிகள் இருவர் மீது தொடரப்பட்ட குற்ற வழக்கு 2025-இல் கைவிடப்பட்டது.

தற்போதைய நிலை

இச்சட்டத்தின் கீழ் புதிய விசாரணைகளை அதிபர் டிரம்ப் 2025 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். ஜூன் மாதம் புதிய வழிகாட்டுதல்கள் வெளியாகின. எனினும் சட்டம் நீக்கப்படவில்லை. குற்ற வழக்குத் தொடரப் பொதுவாக 5 ஆண்டு அவகாசம் இருப்பதால், இன்றைய தவறு அடுத்த ஆட்சிக் காலத்திலும் விசாரணைக்கு வரலாம்.

எனவே, உள்ளூர் அனுமதிகளைப் பெற்றுத் தருவதாகக் கூறும் இடைத்தரகரின் பின்னணியை ஆராய்வதும், ஒவ்வொரு கூடுதல் கட்டணத்துக்கும் எழுத்துப்பூர்வ விளக்கம் கேட்பதும், ஐயம் எழுந்தால் கையொப்பமிடும் முன் சட்டப் பிரிவை அணுகுவதும் நிர்வாகிகளுக்குப் பாதுகாப்பு.