அண்ணன் வேலை

1904ஆம் ஆண்டு. நியூயார்க் சிறுவர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் எர்னஸ்ட் கூல்ட்டர். வழக்கில் மாட்டி வரும் பையன்களைத் தினமும் பார்ப்பவர். ஒரு தேவாலய ஆடவர் சங்கத்தில் பேச வந்தவர், நன்கொடை கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பையனுக்கு அண்ணனாக இருங்கள் என்றார். நாற்பது பேர் முன்வந்தார்கள். அதுவே இயக்கமாக வளர்ந்தது.

அண்ணன் வேலை என்ன? மாதம் சில தடவை சந்திப்பது, கூட நடப்பது, பேசுவது. அவ்வளவுதான்! 1995இல் வெளியான ஆய்வில், இப்படித் துணை கிடைத்த பிள்ளைகள் போதைப்பொருளைத் தொடத் தொடங்குவது 46 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் மூணு மாதத்துக்குள் துணை விட்டுப்போன பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பைவிடச் சரிந்ததாக 2002இல் இன்னொரு ஆய்வு சொன்னது.

நம் சங்கம் நோட்டுப் புத்தகம் வழங்குகிறது, நல்லதுதான். அண்ணன் வேலைக்கு மட்டும், ஒரு வருஷம் நிற்க முடிந்தவர்களே பெயர் கொடுக்கட்டும். பத்துப் பேர் தேறினாலே எனக்குத் திருப்தி.