பாலக்காட்டுக் கணவாயும் ஈயச் சிப்பாய்களும்

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிற பொழுதுபோக்குகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் நம்மவர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத ஒன்று, மேஜைப் போர் விளையாட்டு. ஆறடிக்கு நாலடி மேஜை, மேலே பச்சைத் துணி, அட்டை வீடுகள், கம்பியிலும் பஞ்சிலும் செய்த மரங்கள். நடுவில் சுண்டுவிரலில் பாதி உயரமே உள்ள சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் அணிவகுத்து நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் சட்டைப் பொத்தான் வரைக்கும் பெயிண்ட் அடித்திருக்கும். வாரம் முழுக்க ஆபீஸில் ஆணி பிடுங்கிய பெரிய மனிதர்கள், சனிக்கிழமையானால் பகடையும் ஸ்கேலும் கையுமாகச் சுற்றி நின்று சண்டை போடுவார்கள். காலாட்படை ஒரு முறைக்கு இத்தனை அங்குலம், குதிரைப்படை இத்தனை அங்குலம் என்று கணக்கு. சுட்டதில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்லும்.

இந்தக் கூட்டத்துக்குள் இன்னொரு கோஷ்டி உண்டு. இவர்களுக்கு வாட்டர்லூவும் வேண்டாம், பிளாசியும் வேண்டாம். 18ஆம் நூற்றாண்டில் இருந்திருக்கக்கூடிய, ஆனால் இல்லாத நாடுகளைத் தாங்களே படைத்துக்கொள்கிறார்கள். நாட்டுக்கு ஒரு பெயர், ஒரு மன்னர், ஒரு கொடி, பட்டாளத்துச் சட்டைக்கு ஒரு நிறம், பக்கத்து நாட்டோடு மூன்று தலைமுறைத் தகராறு. இந்த நாடுகளுக்கு 'இமாஜி-நேஷன்ஸ்' என்று செல்லப் பெயர்.

இதற்கு ஒரு பரம்பரையும் இருக்கிறது. 1826இல் இங்கிலாந்தில் பிரான்டி வீட்டுப் பையன் பிரான்வெலுக்கு அப்பா ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். அதை வைத்து அவனும் அக்காள் தங்கைகளும் கிளாஸ் டவுன், ஆங்க்ரியா என்று தேசங்களையே கட்டினார்கள். பின்னாளில் 'ஜேன் ஐர்' எழுதிய சார்லட் அவர்களில் ஒருத்தி. 1913இல் எச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆட விதிகள் எழுதி 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமாகப் போட்டார். 1967இல் பீட்டர் யங்கும் ஜே.பி.லாஃபோர்டும் எழுதிய 'சார்ஜ்!', 1971இல் சார்லஸ் கிராண்ட் எழுதிய 'தி வார் கேம்' இரண்டும் கற்பனை 18ஆம் நூற்றாண்டு நாடுகளை இந்தப் பொழுதுபோக்கில் நிலைநிறுத்தின.

பீட்டர் யங் இரண்டாம் உலகப் போரில் கமாண்டோவாகச் சண்டை போட்ட பிரிகேடியர். நிஜ ரத்தத்தைப் பார்த்த மனிதருக்குக் கற்பனை ராஜாக்கள் எதற்கு? எனக்குத் தோன்றுவது இதுதான். நிஜப் போரில் முடிவு முன்கூட்டியே தெரியும். நம் பக்கம், எதிர்ப்பக்கம் என்று மனசும் பிரிந்துவிடும். இல்லாத நாட்டில் யாருடைய தாத்தாவும் சாகவில்லை. அதனால் 'யார் நல்லவன்?' என்ற கேள்வியை விட்டு 'எப்படி நடந்தது?' என்ற கேள்விக்குப் போக முடிகிறது.

இதை வெள்ளைக்காரன் பைத்தியம் என்று நாம் ஒதுக்க முடியாது :-) நவராத்திரிக்குக் கொலுப்படிக்குக் கீழே பார்க் கட்டுகிறோமே! கடுகு தூவி முளைத்த புல்தரை, முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம், மணலில் மலை, பேண்டு வாத்திய செட், கல்யாண செட். பட்டாளம் மட்டும்தான் பாக்கி.

விளையாட்டின் வேரும் நம் பக்கம்தான். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையே சதுரங்கம். 7ஆம் நூற்றாண்டில் பாணர் எழுதிய 'ஹர்ஷசரித'த்தில் அதன் பெயர் வருகிறது. அது பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போனது. 1780இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்ற கணித ஆசிரியர் அதே செஸ் பலகையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்து, ஆறு, மலை, ஊர் எல்லாம் வைத்துப் போர் விளையாட்டாக்கினார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி அதை வரைபடத்தின் மேல் ஆடும் ராணுவப் பயிற்சியாக்கினார்.

நம் ஆடுபுலி ஆட்டத்தையும் விடக்கூடாது. மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் கூடி நின்று புலியை நகரவிடாமல் கட்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பலம் இருந்தாக வேண்டியதில்லை என்பது திண்ணைகளுக்கு எப்போதோ தெரியும்.

ஹெல்விக் கட்டம் போட்ட அதே 1780இல் ஹைதர் அலி பெரும்படையோடு ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். இரண்டாம் மைசூர்ப் போர். மூன்றே வருடத்தில் அது எங்கள் பாலக்காட்டு வாசலுக்கு வந்தது.

வாசல் என்று சும்மா சொல்லவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட மதில். தெற்கே இடுக்கியில் ஆனைமுடி 2,695 மீட்டர். போடிமெட்டும் கம்பம்மெட்டும் வழிகள்தான், ஆனால் பீரங்கி இழுத்துக்கொண்டு ஏறுகிற வழிகள் அல்ல. பாலக்காட்டில் மட்டும் அந்த மதில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் திறந்து கிடக்கிறது. கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து மலபார்க் கடற்கரைக்கு ஒரு பட்டாளம் போக வேண்டுமென்றால் அந்தத் திறப்புதான்.

அந்த வாசலைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். பாலக்காட்டு அச்சன், கொல்லங்கோட்டு நம்பிடி, கோழிக்கோட்டுச் சாமூதிரி, கொச்சி ராஜா. சித்தூர் கொச்சியைச் சேர்ந்தது. ஆனால் கொச்சியோடு ஒட்டாமல் தனித் தீவாகக் கிடந்தது. தெற்கே மலைகளுக்கு உரிமை கொண்டாடியவர்கள் பூஞ்சாறு குடும்பத்தார். மதுரைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்பவர்கள். 1877இல் மூணாறு பக்கத்துக் கண்ணன் தேவன் மலைகளை மன்றோ துரைக்குக் குத்தகை விட்டதும் இவர்களே. இந்தப் பட்டியலை இங்குள்ள ஒரு போர் விளையாட்டுக்காரரிடம் கொடுத்தால், "நன்றாகக் கற்பனை செய்திருக்கிறாய்" என்று முதுகில் தட்டுவார்.

கதை தொடங்குவது 1757இல். சாமூதிரி பாலக்காட்டுக்குள் படையோடு வர, அச்சன் உதவி கேட்டு ஆள் அனுப்பினார். அனுப்பியது திண்டுக்கல்லில் மைசூரின் பௌஜ்தாராக இருந்த ஹைதர் அலிக்கு. ஹைதரின் மைத்துனர் படையோடு வந்தார், சாமூதிரி பின்வாங்கி 12 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டார். பணம் வரவில்லை. 1766இல் ஹைதரே மலபாருக்குள் வந்தார். நாலு மூலையிலும் கொத்தளம், சுற்றிலும் அகழி என்று இன்று நாம் பார்க்கும் பாலக்காட்டுக் கோட்டை அந்த வருடம் எழுந்தது. பக்கத்து வீட்டுச் சண்டைக்குக் கூப்பிட்ட ஆள் வீட்டையே எடுத்துக்கொண்டான்.

பிறகு கோட்டை பந்தாகக் கைமாறியது. 1768இல் கம்பெனியின் கர்னல் வுட் பிடித்தார், சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783 நவம்பரில் கர்னல் ஃபுல்லர்ட்டன் ஆனைமலைப் பக்கமாகக் காட்டுக்குள் புகுந்து வந்தார். மழையோ மழை. மரம் வெட்டி, ஓடைகளைத் தூர்த்து, பீரங்கிக்குப் பாதை போட்டுக்கொண்டு வந்தது படை. 13ஆம் தேதி இரவு, கொட்டுகிற மழையில் கேப்டன் மெயிட்லாண்டின் ஆட்கள் வெளிக்காவலைத் துரத்திக்கொண்டு வாசல்களுக்குள் நுழைந்தார்கள். கோட்டை விழுந்தது. ஆனால் சமாதானப் பேச்சு நடந்ததால் படையைத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். கோட்டை சாமூதிரி தரப்பிடம் போய், மறுபடி மைசூரிடமே வந்தது. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்த பிறகுதான் கம்பெனியிடம் நிலைத்தது. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

விளையாட்டுக்கு அற்புதமான களம், சரி. ஆனால் மலபாரில் இந்த வருடங்களுக்குப் 'படையோட்டக் காலம்' என்று பெயர். சாமூதிரி 1766இல் அரண்மனைக்குத் தீ வைத்து அதிலேயே மாண்டார். ஊர்விட்டு ஓடியவர்கள் கணக்கில்லை. திப்பு வீரனா கொடியவனா என்று இன்றும் ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டுப் பாருங்கள், பாயசம் வருவதற்குள் பந்தி இரண்டாகிவிடும். நம் பிள்ளைகள் இந்தச் சரித்திரத்தைப் பெரும்பாலும் அந்தப் பந்திச் சண்டையாகவேதான் கேட்கிறார்கள். யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிகிறது. வாசல் ஏன் அங்கே இருந்தது, அச்சன் ஏன் ஹைதரைக் கூப்பிட்டார் என்று தெரிவதில்லை.

அங்கேதான் இல்லாத நாடுகள் உதவும் என்று நினைக்கிறேன். பெயர்களை மாற்றிவிடுங்கள். கணவாய், கோட்டை, ஆறு, நெல்வயல் மட்டும் அப்படியே இருக்கட்டும். சிறிய நாட்டை ஆடுகிற குழந்தைக்குப் பெரிய அண்டை வீட்டுக்காரன் படையெடுத்து வரும்போது என்ன செய்வது என்ற இக்கட்டு தானாக வரும். தூரத்துப் பலசாலியைக் கூப்பிடலாமா? கூப்பிட்டால் அவன் திரும்பிப் போவானா? எந்தப் பாடப் புத்தகமும் இதை இவ்வளவு சீக்கிரம் புரியவைக்காது.

ஒரு குறை மட்டும் உண்டு. ஈயச் சிப்பாய்க்குப் பசிக்காது. நிஜச் சிப்பாய்க்குப் பசித்தது, மாட்டுக்கும் பசித்தது. 1791 மே மாதம் காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல் வரை போய், வண்டி இழுக்க மாடில்லாமல் தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். பாலக்காடு வாசல் மட்டும் இல்லை, நெற்களஞ்சியமும்கூட. படை தின்ற நெல் யாரோ ஒரு குடியானவரின் பத்தாயத்திலிருந்து வந்ததுதான்.

அதனால் இந்தக் கொலுவுக்கு எங்கள் வீட்டுப் பார்க்கில் ஒரு கணவாய் கட்டப் போகிறோம். இரண்டு ராஜாக்களோடு மூன்றாவதாக ஒரு ஆட்டக்காரர் உண்டு: ஊர்க்காரர். அவருக்குச் சிப்பாய் கிடையாது. கொஞ்சம் நெல்மணி, நாலு மாடு, பத்து வீடு. படை ஒவ்வொரு முறை நகரும்போதும் அவர் நெல்லில் கை வைக்கும்; மழை பெய்தால் இரட்டிப்பாக. கோட்டையை யார் பிடித்தாலும் ஆட்டம் அதோடு முடியாது. கடைசியில் ஊர்க்காரர் கையில் அடுத்த போகத்துக்கு விதைநெல் மிச்சம் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். இல்லையென்றால் இரண்டு ராஜாக்களும் தோற்றார்கள்.