சார்புமுறை எதிர்வினை நிரல்மொழிகள்

காலத்தோடு மாறும் மதிப்புகளைக் கணிதச் சார்புகளைப் போல எழுதவிடும் கணினி மொழிகள் இவை. துறையினர் சுருக்கமாக எஃப்.ஆர்.பி. என்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் இதன் அடிப்படைகள் இரண்டும் கண்ணெதிரே தெரியும். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு ஒவ்வொரு கணமும் ஒரு வேகம் உண்டு; அது 'நடத்தை'. வேகம் வரம்பைக் கடந்து முப்பந்தல் காற்றாலை ஒன்று நின்றுபோகும் கணம் 'நிகழ்வு'. இறக்கையின் கோணம் காற்றின் வேகத்தை எப்படிச் சார்ந்தது என்று ஒருமுறை எழுதிவிட்டால் போதும். காற்று மாறும்போதெல்லாம் மறுபடி கணக்கிடுவது மொழியின் வேலை.

முன்னோடிகள் பல. 1970களில் வேட்ஜும் ஆஷ்கிராஃப்டும் லூசிட் மொழியை உருவாக்கினர். 1980களில் பிரான்சில் எஸ்டெரலும் லஸ்டரும் பிறந்தன. எஸ்டெரல் கிளையில் இந்தியாவுக்கு முக்கியப் பங்குண்டு. எஸ்டெரலில் உள்ளீடும் மறுமொழியும் ஒரே கணத்தில் நடப்பதாகக் கொள்வார்கள். ஒரு காற்றாலைக்குள் அது சரி. பொதுக் கடிகாரம் இல்லாமல் தள்ளித்தள்ளி நிற்கும் பல காற்றாலைகளுக்கு அது பொருந்தாது. எஸ்டெரலின் தந்தை ஜெரார் பெரி, மும்பை ஐ.ஐ.டி.யின் எஸ். ரமேஷ், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்.கே. சியாமசுந்தர் மூவரும் 1993இல் எழுதிய கட்டுரை இதற்கு வழி சொன்னது: ஒவ்வொரு முனையும் தனக்குள் ஒத்திசைந்து இயங்கும், மற்றவற்றோடு செய்தி பரிமாறிக்கொள்ளும்.

எஃப்.ஆர்.பி. என்ற கிளை 1997இல் கானல் எலியட்டும் பால் ஹூடாக்கும் ஹாஸ்கெல் மொழிக்குள் அமைத்த ஃபிரான் என்ற மொழியோடு தொடங்கியது. அசைபடம் வரைவதற்காக எழுந்த அதன் அழகே அதற்குச் சிக்கலும் ஆனது. கடந்த காலம் முழுவதையும் நிரல் கேட்கலாம் என்றால், நேற்றைய காற்றையும் போன வாரக் காற்றையும் கணினி சுமக்க வேண்டும், நினைவகம் நிரம்பிவிடும். பிந்தைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த நினைவகக் கசிவை அடைக்கும் பாடுதான். யேல் பல்கலைக்கழகக் குழு 2001இல் மொழியைச் சுருக்கி, நேரமும் நினைவகமும் எல்லை மீறாதபடி செய்தது. அடுத்து வந்த யாம்பா, குறிகைகளை, அதாவது காலத்தோடு மாறும் மதிப்புகளை, நேரடியாகக் கையாள விடாமல் குறிகைச் சார்புகளை மட்டும் இணைக்க விட்டது.

இவ்வரிசையில் மிக நேர்த்தியான விடை நீலகண்டன் கிருஷ்ணசாமியுடையது. 'இப்போது', 'அடுத்த கணம்' என்ற வேறுபாட்டைத் தரவின் வகையிலேயே பொறித்தார். அதனால் பழைய மதிப்பை மறுபடி தொட முடியாது என்பது நிரல் ஓடும் முன்பே உறுதியாகிவிடுகிறது. மொழியும் அதைத் தயங்காமல் அழித்துவிடலாம். கட்டுரை 2013இல் வெளியானது.

இணையப் பக்கங்களுக்கு எவான் சப்லிக்கி 2012இல் எல்ம் மொழியைக் கொண்டுவந்தார். கற்பவர்களுக்குக் குறிகைகள் கடினமாக இருந்ததால் 2016இல் அவற்றையே நீக்கினார். 'ரியாக்டிவ்' என்ற பெயரில் இன்று பரவியிருக்கும் நூலகங்கள் பெரும்பாலும் நிகழ்வுகளை மட்டுமே கையாள்கின்றன. தொடர்ச்சியான காலம் இல்லாததை எஃப்.ஆர்.பி. என்று எலியட் ஏற்பதில்லை. அவர் பக்கமே நியாயம்: அந்த நூலகங்களில் காற்றாலை நின்ற கணத்தை எழுதலாம், காற்றை எழுத முடியாது.