செங்கம்: வழியும் வரலாறும்

செங்கம், திருவண்ணாமலைக்கு மேற்கே செய்யாற்றங்கரையில் அமைந்த ஊர். அருகிலுள்ள செங்கம் கணவாய், கீழைச் சமவெளியைக் கிருஷ்ணகிரிப் பகுதியுடன் இணைக்கிறது. இவ்வூரின் வரலாறு பெரிதும் இவ்வழியின் வரலாறே ஆகும்.

சங்க இலக்கியம் கூறும் செங்கண்மா இவ்வூரே என்பர். பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம், நன்னனின் இவ்வூருக்குக் கூத்தர்களை ஆற்றுப்படுத்துகிறது. வழியின் இடர்களோடு, கிளைவழிகளில் நிற்கும் நடுகற்களையும் அந்நூல் குறிப்பிடுகிறது.

செங்கம் வட்டாரத்தில் பல்லவர் கால நடுகற்கள் பல கிடைத்துள்ளன. ஆநிரைப் பூசல்களில் இறந்த வீரர்களின் பெயர்கள் அவற்றில் பலவற்றில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது.

முதலாம் ஆங்கிலேய - மைசூர்ப் போரின்போது, 1767 செப்டம்பர் 3 அன்று ஐதர் அலி, நிசாம் ஆகியோரின் படைகளைக் கர்னல் ஜோசப் ஸ்மித் இங்கு முறியடித்தார். எனினும் உணவுத் தட்டுப்பாட்டால் அவர் திருவண்ணாமலைக்குச் செல்ல நேர்ந்தது.

இன்று கிருஷ்ணகிரி - திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை 77 இவ்வூர் வழியே செல்கிறது. போர்த் தளபதிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. ஆநிரை காத்து இறந்தோர் பலரின் பெயர்கள் கற்களில் மட்டுமே உள்ளன. ஆகவே சாலைகள் விரிவாகும்போது வழியோரக் கற்களைப் பதிவுசெய்து பாதுகாப்பது அவசியம். கல் அழிந்தால் அப்பெயருக்கு வேறு சான்று இல்லை.