மீன்மீது பெய்த சாம்பல்



கடல்மீனில் கதிர்வீச்சு இருக்குமோ என உங்களுள் சிலர் வினவுகிறீர்கள். இவ்வச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1954 மார்ச் 1 அன்று பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்த ஜப்பானியப் படகொன்றின்மீது வெண்சாம்பல் பொழிந்தது. 23 மீனவரும் நோயுற்றனர். கம்பியில்லாத் தந்தியாளர் குபோயாமா செப்டம்பரில் மாண்டார். செய்தி வெளிவருமுன்பே அவர்களது மீன் சந்தைகளுக்குச் சென்றிருந்தது.

பின்னர் ஆண்டிறுதிவரை துறைமுகங்களில் கருவிகொண்டு மீன்கள் அளக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான படகுகளின் மீன்கள் கொட்டி அழிக்கப்பட்டன. குண்டு வெடித்தவர் ஒருவர்; பிழைப்பை இழந்தவர் மற்றொருவர்.

ஆதலால் வதந்தியை நம்பாதீர், அளவீட்டைக் கேளுங்கள். அச்சத்தின் விலையைச் செலுத்தும் மீனவரையும் நினைவில் கொள்ளுங்கள்.