வருவாயின் பருவமும் வாழ்தொழில் தேர்வும்: தென்காசி வட்டாரப் பள்ளிகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணாக்கர்க்கு மேற்படிப்பையும் பிற்காலத் தொழிலையும் பற்றி எடுத்துரைக்கும் வழிகாட்டுப் பயிலரங்குகள் ஒரு பக்கமும், வரவறிந்து செலவிடும் முறையையும் வங்கிப் பழக்கத்தையும் போதிக்கும் பயிலரங்குகள் மற்றொரு பக்கமுமாக, நம் நாட்டில் இன்று வெவ்வேறு ஸ்தாபனங்களின் பொறுப்பில், வெவ்வேறு நாட்களில், ஒன்றின் இருப்பை மற்றொன்று பொருட்படுத்தாமல் நடைபெற்று வருகின்றன. தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘நான் முதல்வன்’ திட்டமும், அதன் கிளையாக அவ்வாண்டு ஜூன் மாதம் முதல் நிகழ்ந்துவரும் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் முதல் வகையைச் சேர்ந்தவை. ரிசர்வ் வங்கி அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி மாதத்தில் நடத்திவரும் நிதிக் கல்வி வாரமும், நிதிக் கல்விக்கான தேசிய மையம் பள்ளிகளில் நடத்தும் வகுப்புகளும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவ்விரண்டும் உண்மையில் ஒரே வினாவின் இரு பாகங்கள் என்பதும், அவற்றைப் பிரித்துக் கற்பிப்பதனால் இரண்டுமே பயன் குன்றுகின்றன என்பதும், அந்தந்த வட்டாரத்து ஜீவனோபாயத்தின் காலக்கணக்கை அடிப்படையாகக் கொண்டாலன்றி அவை மாணாக்கர் மனத்தில் வேரூன்றமாட்டா என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுவது, 2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் திருநெல்வேலியினின்று பிரிந்து தனி மாவட்டமாக உருப்பெற்ற தென்காசியும், அதனை அடுத்துள்ள குற்றாலமுமாகும்.

தொழில் வழிகாட்டுதல் என்னும் துறை அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 1908ஆம் ஆண்டு பிராங்க் பார்சன்ஸ் என்பவர் நிறுவிய அலுவலகத்தினின்று கிளைத்தது என்பர். தன் இயல்பை அறிதல், தொழில்களின் தன்மையை அறிதல், இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்துச் சிந்தித்தல் என்று அவர் வகுத்த மூன்று படிகளே இன்றளவும் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. சிக்கனக் கல்வியின் சரித்திரமும் இதைப் போலவே நீண்டது. 1924இல் மிலான் நகரில் கூடிய சேமிப்பு மாநாடு உலகச் சிக்கன நாளை வகுத்தது. அது நம் நாட்டில் அக்டோபர் 30ஆம் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மாணாக்கர் தாமே கணக்கெழுதிப் பணம் வாங்கி வைக்கும் ‘சஞ்சாயிகா’ என்னும் பள்ளிச் சேமிப்புத் திட்டத்தை நம்மில் ஒரு தலைமுறையினர் நேரில் அறிவர்.

ஆயினும் தமிழ்நாட்டுப் பள்ளியொன்றில் தொழிலைப் பற்றிப் பேச முற்படும் எவரும் இவற்றினும் முக்கியமானதொரு சம்பவத்தை மறத்தலாகாது. 1953ஆம் ஆண்டு இராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது ஆரம்பப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் தத்தம் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொணரப்பட்டது. அது குலக்கல்வித் திட்டம் என்று கண்டிக்கப்பெற்று, பெருங் கிளர்ச்சிக்குள்ளாகி, 1954இல் காமராஜ் பதவியேற்றபின் கைவிடப்பட்டது. தந்தையின் தொழிலே மகனுக்கு எல்லை என்னும் கருத்தைத் தமிழ்ச் சமுதாயம் அன்று நிராகரித்தது. ஆகவே, ஒரு பயிலரங்கு பிள்ளையின் பார்வையை விரிவடையச் செய்கிறதா, சுருங்கச் செய்கிறதா என்பதே அதனை மதிப்பிடும் முதல் அளவுகோலாக இருத்தல் வேண்டும். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குங்கால் ஒன்று புலப்படும். தொழில் தேர்வைப் பற்றி வாய் திறவாத வரவு செலவுப் பாடம், குடும்பத்தின் இன்றைய வருவாயை மாறாத பொருளாகக் கொண்டு, அதற்குள் அடங்கி வாழக் கற்றுக்கொடுப்பதால், எவரும் உத்தேசியாமலே 1953ஆம் ஆண்டின் கருத்துக்குப் பிள்ளையைத் திருப்பி அழைத்துச் செல்கிறது. வரவு செலவைப் பற்றி வாய் திறவாத தொழில் வழிகாட்டுதலோ, ஆகும் செலவையும் அது எம்மாதத்தில் வந்து நிற்கும் என்பதையும் சொல்லாமல் ஆசையை மட்டும் வளர்த்து, குடும்பத்தைக் கடனில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இனித் தென்காசி வட்டாரத்தின் ஜீவனோபாயங்களைக் காண்போம். பயிலரங்குகளில் வழங்கப்படும் வரவு செலவுப் படிவங்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறும் குடும்பத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை; முதல் தேதியில் ஒரு தொகை வரும், அதனை வாடகைக்கும் மளிகைக்கும் சேமிப்புக்கும் பங்கிட வேண்டும் என்பது அவற்றின் அமைப்பு. இவ்வட்டாரத்தில் அத்தகைய குடும்பங்கள் சிலவே. ஆலங்குளம், கடையம், கடையநல்லூர்ப் பக்கங்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையிலமர்ந்து பீடி சுற்றி, கடையில் கணக்கொப்பித்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணிக்கையின்படி கூலி பெறுகின்றனர். இலை மோசமாயிருந்தாலும் உடம்புக்கு முடியாமற்போனாலும் அவ்வாரத்துக் கூலி குறையும். புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் உடையவர்க்குக் கோடையில் விலை ஏறுகிறது, மழைக்காலத்தில் இறங்குகிறது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி கொணரும் விவசாயிக்கு அன்றைய விலையே அன்றைய வருமானம். அவ்விலையையும் செங்கோட்டைக்கு அப்பாலுள்ள கேரளத்தின் தேவை பெரிதும் பாதிக்கிறது. கடையநல்லூரில் வளைகுடா நாடுகளினின்று மாதந்தோறும் பணம் வரும் வீடுகள் பல உள.

குற்றாலத்தின் நிலை இவை எல்லாவற்றினும் வேறானது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் வீசும் சீஸன் காலத்தில் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் திரண்டு வரும் ஜனங்களை நம்பி, பழக்கடை, சிற்றுண்டிக் கடை, எண்ணெய் தேய்த்துவிடுதல், வாடகைக்கு அறை விடுதல் ஆகிய தொழில்களைச் செய்பவர்க்கு அம்மூன்று மாத வருவாயே ஆண்டு முழுவதற்கும் பெரும் ஆதாரமாகிறது. தென்மேற்குப் பருவமழை தவறினால் வரவு தவறும். மிகுந்தாலும் வெள்ளப்பெருக்கினால் குளிக்கத் தடை விதிக்கப்பட்டு வரவு குன்றும். கொரோனாவின் காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு சீஸன்களும் அருவிகள் மூடப்பட்டிருந்தபோது இக்குடும்பங்கள் பட்ட இன்னல் சாமானியமானதன்று.

இங்கே மாணாக்கர் அவசியம் அறியவேண்டிய உண்மை ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பின் தேர்வு முடிவு வெளிவந்து, விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம், முதற்பருவக் கட்டணம், விடுதி முன்பணம் என்று செலவுகள் வரிசையாக வந்து நிற்பது மே, ஜூன் மாதங்களில். குற்றாலத்துக் கடைக்காரர்க்கு அதுவே கையில் பணம் வற்றிய காலம். சீஸன் கடைக்கு முன்பணம் கட்டிச் சரக்குக்கும் கடன் சொல்லி வைத்திருக்கும் நேரம். புளியங்குடித் தோட்டக்காரர்க்கோ, காய்ப்பு இருக்குமாயின், அது கையில் ஓரளவு பணம் புழங்கும் காலம். ஆண்டு வருமானம் சமமாயுள்ள இவ்விரு குடும்பங்களுள் ஒன்று கட்டணத்தை எளிதிற் கட்டிவிடும், மற்றொன்று நகையை அடகு வைக்கும். இவ்வேற்றுமை வருமானத்தின் அளவினால் அன்று, அது வரும் பருவத்தினாலேயே விளைகிறது. மாதச் சம்பளப் படிவத்தில் இதனை எழுதிக் காட்ட இடமே இல்லை. பன்னிரண்டு மாதங்களையும் கட்டங்களாக வரைந்து, எந்த மாதத்தில் எவ்வளவு வரும், எந்தக் கட்டணம் எந்த மாதத்தில் விழும் என்று குறிக்கச் செய்தால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் அரைமணி நேரத்தில் இதனைக் கண்டுகொள்ளும்.

கல்விக் கடனைப் பற்றிய பாடமும் இவ்வாறே பிரத்தியட்சமான கணக்காக இருத்தல் வேண்டும். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுதோறும் 75,000 ரூபாயாக, மொத்தம் 3,00,000 ரூபாயை நூற்றுக்குப் பத்து வட்டியில் ஒருவர் பெறுவதாக வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்டவேண்டுவதில்லை என்று சொல்லப்படுவதைக் கேட்டு, அதுவரை வட்டியும் இல்லை என்று எண்ணுவோர் பலர். தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் முதல் தவணைத் தொகைக்கு ஐந்தாண்டு, இரண்டாவதற்கு நான்காண்டு, மூன்றாவதற்கு மூன்றாண்டு, கடைசித் தொகைக்கு இரண்டாண்டு என 1,05,000 ரூபாய் வட்டி சேர்ந்து, கட்டத் தொடங்கும் நாளில் கடன் 4,05,000 ரூபாயாக நிற்கும். அதனை ஏழாண்டில் அடைப்பதாயின் மாதம் ஏறத்தாழ 6,700 ரூபாய் கட்டவேண்டும். அப்படிப்பு முடித்தவர்க்கு முதலாண்டில் என்ன சம்பளம் கிடைக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் பிள்ளையின் மனத்தில் தானாக எழும். தொழிலைப் பற்றிய விசாரணையும் பணத்தைப் பற்றிய விசாரணையும் ஒன்றாகிவிடும் இடம் இதுவே.

கணக்கின் மறுபக்கத்தில் வரவுகளும் உள்ளன. அவற்றையும் அறியாமலே இழப்போர் உளர். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கும் ஏற்பாடு 2021இல் வந்தது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை உபகாரச் சம்பளம் வழங்குகிறது. ஆனால் தாயின் அடையாள அட்டையும், பிள்ளையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கும், உரிய காலத்தில் விண்ணப்பிக்கும் கவனமும் அதற்கு வேண்டும். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தானே நடத்த 2014 முதல் ரிசர்வ் வங்கி இடமளித்துள்ளது. பயிலரங்கு நடைபெறும் நாளிலேயே இவற்றுக்கான தாள்களைச் சரிபார்த்துக் கொடுப்பது, சேமிப்பின் பெருமையைப் பற்றிய பல சொற்பொழிவுகளினும் மேலானது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

நிதிக் கல்வியினால் உண்மையில் பயன் உண்டா என்னும் ஐயம் அறிஞரிடையே எழாமலில்லை. 2014இல் பெர்னாண்டஸ், லின்ச், நெட்மேயர் ஆகியோர் முந்தைய பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, இக்கல்வி மக்களின் நடத்தையை மிகச் சிறிதளவே மாற்றுகிறதென்றும், கற்றது விரைவில் மறந்துபோகிறதென்றும் எழுதினர். பின்னர் கைசர், லுசார்டி முதலியோர் 76 சோதனைகளை ஆராய்ந்து, பயன் அவ்வளவு அற்பமன்று என்று நிறுவினர். பிரேசில் நாட்டில் 892 உயர்நிலைப் பள்ளிகளில் நிகழ்ந்த பெருஞ்சோதனையில் மாணாக்கரின் அறிவும் சேமிப்பும் உயர்ந்ததோடு அவர்தம் பெற்றோரின் அறிவும் உயர்ந்தது. எனினும், அம்மாணாக்கர் அதிக வட்டிக் கடனில் பொருள் வாங்குவதும் கூடியது. முடிவெடுக்கும் தருணத்துக்கு அண்மையில் கற்பிக்கப்படும் பாடமே நிலைக்கிறது என்பது இவ்விவாதத்தினின்று நாம் கொள்ளத்தக்கது. நம் பள்ளிகளில் அத்தருணம் பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியில் வருவதாகப் பலரும் கருதுகின்றனர். அது பிழை. பதினோராம் வகுப்பில் எந்தக் குரூப் என்று எழுதிக் கொடுக்கும் நாளிலேயே பாதி வழிகள் அடைபட்டுவிடுகின்றன. ஆகையால் ஒன்பதாம் வகுப்பின் பிற்பகுதியும் பத்தாம் வகுப்பின் முற்பகுதியுமே இப்பயிலரங்குக்கு ஏற்ற காலம்.

மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் அமைத்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரைக் கட்டணமின்றி, உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியை நடத்துவது இவ்வட்டாரப் பிள்ளைகளின் கற்பனையைப் பெரிதும் தூண்டியிருக்கிறது. பட்டணத்துக்குப் போனாலன்றிப் பிழைப்பில்லை என்னும் எண்ணத்தைத் தகர்த்த அளவில் அது போற்றத்தக்கது. எனினும் ஒரு நிறுவனத்தில் இடம் பெறுவோர் சிலரே ஆவர். குற்றாலத்தில் 1964இல் தோன்றிய பராசக்தி மகளிர் கல்லூரியில் நாள்தோறும் பேருந்தில் சென்று வந்து படிப்பதற்கும், சுரண்டை காமராஜர் அரசுக் கலைக் கல்லூரியில் படிப்பதற்கும், கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிப்பதற்கும் ஆகும் செலவை ஒரே தாளில் எழுதிப் பார்த்த பெண்ணொருத்தி, தொலைவில் படிக்க வைக்க இயலாது என்னும் வீட்டாரின் சொல்லில் பணம் எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று பிரித்தறிந்து, அமைதியாக எடுத்துப் பேசும் வன்மையைப் பெறுகிறாள்.

இனி, இதற்குக் கூறப்படும் ஆட்சேபங்களுள் ஒன்றை நான் மதிக்கிறேன். வீட்டுக் கணக்கை வகுப்பறையில் விரித்து வைப்பது ஏழைப் பிள்ளையை வெட்கத்துக்குள்ளாக்கும் என்பது அது. அது முற்றிலும் நியாயமானது. எந்தப் பிள்ளையும் தன் வீட்டு வருமானத்தைப் பிறர் முன் சொல்லும்படி கேட்கப்படலாகாது. பீடி சுற்றும் தாயும் சீஸன் கடை நடத்தும் தந்தையும் உள்ள ஒரு கற்பனைக் குடும்பத்தை உபாத்தியாயர் படைத்துத் தந்து, அதன் கணக்கை வகுப்பு முழுவதும் சேர்ந்து எழுதினால் போதும்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2017 அக்டோபர் 23ஆம் நாள், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கியுள்ள ஓர் ஊரைச் சேர்ந்த கூலித் தொழிலாளியும் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் கந்துவட்டிக் கொடுமையால் தீக்குளித்து மாண்டனர். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் 2003 முதலே அமலில் இருந்தது. வரவுக்குள் செலவிடக் கற்றுக்கொள்ளாததே இத்தகைய துயரங்களுக்குக் காரணம் என்று ஏழைகள் மீது பழி சுமத்தும் பாடம் எதுவாயினும் அது அநீதியானது. ஆகவே வட்டிக் கணக்கைக் கற்பிக்கும் அதே வகுப்பில், நூற்றுக்குப் பத்து மாத வட்டி என்றால் ஆண்டுக்கு நூற்றிருபது என்பதோடு, அவ்வாறு வாங்குவது குற்றம் என்பதும், புகாரை எழுத்தில் கொடுத்து ரசீது பெறும் முறையும், மகளிர் குழுவிலும் கூட்டுறவு வங்கியிலும் கடன் கிடைக்கும் வழியும் கற்பிக்கப்படல் வேண்டும். அவ்வகுப்பில் தாய்மாரும் அமர்ந்திருத்தல் நலம். அதற்கு, பீடிக் கடையில் கணக்கொப்பிக்கும் நாளையும் சீஸன் நாட்களையும் விலக்கி, செப்டம்பருக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பள்ளி தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.