வீட்டுவழிக் கல்வியில் எதிர்க்குரல்: அமெரிக்க வரலாற்றுக்குச் சிறார் நாவல்களைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளி வகுப்பறையில் வரலாற்றுப் பாடம் எவ்வளவு மோசமாக நடந்தாலும் அங்கே முப்பது பிள்ளைகளாவது இருப்பார்கள். ஆசிரியர் சொன்னதை ஒருத்தி மறுக்கலாம். தன் தாத்தா வேறு மாதிரிச் சொன்னாரே என்று ஒருவன் எழுந்து நிற்கலாம். அம்மாவோ அப்பாவோ ஆசிரியராகும் வீட்டில் இதற்கு வழியில்லை. பாடத்திட்டம் வகுப்பவர், நூலைத் தேர்பவர், வாசித்துக் காட்டுபவர், பிள்ளையின் பதிலைத் திருத்துபவர் எல்லாம் ஒருவரே. வகுப்பில் சக மாணவர் எழுப்பும் மறுப்பை வீட்டில் நூல்கள்தாம் எழுப்ப வேண்டும். நூல் தேர்வின் முதல் அளவுகோல் இதுவே என்பது இக்கட்டுரையின் வாதம். சான்றுகள் அமெரிக்காவிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுவழிக் கல்வி சட்டத்துக்கு உட்பட்டதாகிவிட்டது. 1999இல் நடுவணரசின் கல்விப் புள்ளிவிவர மையம் இவ்வாறு கற்பவர்களை ஏறத்தாழ 8,50,000 என மதிப்பிட்டது. நியூயார்க் மாநிலத்தில் காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். டெக்சஸில் அரசுக்குத் தகவல் சொல்லவேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆக, பெரும்பாலான வீடுகளில் எந்த நூல் மேசைக்கு வருகிறது என்பதை முடிவு செய்வது பெற்றோரே.

அப்பெற்றோரில் கணிசமானோர் பின்பற்றுவது சார்லட் மேசனின் (1842–1923) வழி. இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் ஆசிரியப் பயிற்சி நடத்தியவர் அவர். அங்குமிங்கும் திரட்டிச் சுருக்கிய பாடநூலை ஒதுக்கிவிட்டு, தன் பொருளில் தோய்ந்த ஓர் ஆசிரியர் எழுதிய ‘உயிருள்ள நூலை’ப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார்; படித்து முடித்ததும் பிள்ளை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். முதற்பாதியில் எனக்கு மறுப்பில்லை. ஆண்டுகளையும் தளபதிகளையும் அடுக்கும் பாடநூலைவிட நல்ல நாவல் மேல் என்பதற்கு வாதமே தேவையில்லை. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். கதையைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை, கதாசிரியர் நின்ற இடத்தில் போய் நின்றுதான் சொல்ல முடியும். நூல் எவ்வளவுக்கு உயிருள்ளதோ அவ்வளவுக்கு அதன் பார்வையும் பிள்ளையிடம் ஆழமாக இறங்குகிறது. ஒரே நூலோடு நிறுத்திக்கொண்டால் இம்முறை வரலாற்றைக் கற்பிக்காது, ஒருவரின் நினைவை மனப்பாடமாக்கும்.

அமெரிக்க விடுதலைப் போரை எடுத்துக்கொள்வோம். எஸ்தர் ஃபோர்ப்ஸின் ‘ஜானி டிரெமைன்’ 1943இல், உலகப் போரின் நடுவே வந்தது. மறு ஆண்டு சிறார் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் பெற்றது. உருகிய வெள்ளி பட்டுக் கை முடமான பாஸ்டன் பயிலாள் ஒருவன் விடுதலை வீரர்களோடு சேர்கிறான். போர் நியாயமானது, உயிர்ப்பலி தகும் என்ற உறுதி கதை முழுக்க ஓடுகிறது. கோலியர் சகோதரர்களின் ‘மை பிரதர் சாம் இஸ் டெட்’ 1974இல், வியட்நாம் போர் ஓயும் தறுவாயில் வெளியானது. அதில் அண்ணன் விடுதலைப் படையில் சேர்கிறான். தன் மாட்டைத் தானே திருடியதாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்டுச் சொந்தப் படையின் கையாலேயே சாகிறான். தந்தை இறப்பது பிரிட்டிஷ் சிறைக்கப்பலில். லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் ‘செயின்ஸ்’ (2008) 1776ஆம் ஆண்டு நியூயார்க்கில் இசபெல் என்ற அடிமைச் சிறுமியைப் பின்தொடர்கிறது. விடுதலை வீரர்களுக்காக அவள் உளவு பார்க்கிறாள். அவர்கள் அவளுக்கு விடுதலை தரவில்லை. பிரிட்டிஷாரிடம் போனால், அவர்கள் கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகளுக்கு மட்டுமே அடைக்கலம் தருகிறார்கள். அவளுடைய எசமானர்களோ அரச விசுவாசிகள்.

மூன்றும் ஒரே போர்தான். மூன்றையும் படித்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை, 1776ஐப் பற்றி 1943உம் 1974உம் 2008உம் வேறுவேறு கேள்விகள் கேட்டன என்பதைத் தானாகவே கண்டுகொள்ளும். வரலாற்றெழுதியல் என்று கல்லூரியில் கற்பிப்பது ஏறக்குறைய இதைத்தான். நூலின் பின்னட்டையில் இருக்கும் வயது வரம்பைப் பார்க்கும் பெற்றோர், உள்ளே அச்சிட்ட முதற்பதிப்பு ஆண்டையும் பார்த்துப் பழக வேண்டும்.

சர்ச்சைக்குரிய நூலுக்கு வருவோம். லோரா இங்கல்ஸ் வைல்டரின் ‘லிட்டில் ஹவுஸ் ஆன் த ப்ரெய்ரி’ (1935) கான்சாஸில் ஒரு குடியேற்றக் குடும்பம் மரவீடு கட்டி வாழ்ந்த கதை. இங்கல்ஸ் குடும்பம் அங்கே போனது 1869இல். லோராவுக்கு அப்போது இரண்டு வயது. அந்த நிலம் ஓசேஜ் மக்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. குடியேற அனுமதி இல்லை. 1870இல் அரசு சட்டமியற்றி ஓசேஜ் மக்களை இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக வைத்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், மகள் ரோஸ் வைல்டர் லேனின் கைத்துணையோடு இது நாவலானபோது, குடும்பம் தன் கையை மட்டுமே நம்பி வாழ்ந்ததாகக் கதை அமைந்தது. முதற்பதிப்பின் தொடக்கத்தில் ஒரு வாக்கியம் பூர்வகுடியினரை மனிதக் கணக்கிலேயே சேர்க்கவில்லை; வாசகர் ஒருவர் 1952இல் சுட்டிக்காட்ட, 1953 பதிப்பில் திருத்தினார்கள். அமெரிக்க நூலகச் சங்கத்தின் சிறார் பிரிவு, வைல்டர் பெயரில் 1954 முதல் வழங்கிய விருதின் பெயரை 2018இல் மாற்றியது.

அப்படியானால் நூலையே ஒதுக்கிவிடலாமா? பூர்வகுடிச் சிறார் இலக்கியத் திறனாய்வாளர் டெபி ரீஸ் போன்றோர் இந்நூலைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாதென்று பலகாலமாகச் சொல்லிவருகிறார்கள். வகுப்பறையில் ஓசேஜ் குழந்தை ஒன்று அமர்ந்திருக்குமானால் அந்த வாதத்துக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். வீட்டில் நிலைமை சற்று வேறு. இந்நாவலின் ஓரிடத்தில், பூர்வகுடியினரை அரசு மேற்கே அனுப்பிவிடும் என்கிறார் அப்பா. இது அவர்களுடைய நிலமாயிற்றே, அவர்களுக்குக் கோபம் வராதா என்று லோரா தொடங்குகிறாள். இனிக் கேள்வி வேண்டாம், தூங்கு என்று அப்பா அவள் வாயை அடைத்துவிடுகிறார். இறுதியில் ஓசேஜ் மக்கள் வரிசையாக வீட்டைக் கடந்து போகும்போது, குதிரைமேல் தாயோடு போகும் ஒரு குழந்தை தனக்கு வேண்டுமென்று லோரா அழுகிறாள். நூலின் கேள்வியும் ஆசையும் ஒரே சிறுமியிடம் இருக்கின்றன. பெற்றோர் நூலை மூடிவைக்க வேண்டிய இடம் அந்த அப்பாவின் அதட்டல். லோரா கேட்க வந்ததை வீட்டுப்பிள்ளை முழுதாகக் கேட்கட்டும். பிள்ளை தனியாகப் படித்தால் அந்த வரியை ஒரே மூச்சில் தாண்டிப் போய்விடும். ஆகவே இந்நூலை வாசித்துக் காட்டலாம். கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போகக் கூடாது.

அதற்கு முன்பே லூயிஸ் எர்ட்ரிக்கின் ‘த பர்ச்பார்க் ஹவுஸ்’ (1999) வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். களம் 1847, சுப்பீரியர் ஏரியின் மேடலின் தீவு. ஒமகாயாஸ் என்ற ஒஜிப்வே சிறுமியின் ஓராண்டு வாழ்க்கை. எர்ட்ரிக்கும் ஒஜிப்வே வழியினரே. வைல்டரில் அப்பா மரம் வெட்டி வீடு கட்டுகிறார். இங்கே பாட்டி புகையிலை படைத்துவிட்டுப் பூர்ச்ச மரத்தின் பட்டையை எடுக்கிறாள். அங்கே காய்ச்சலிலிருந்து குடும்பம் பிழைக்கிறது. இங்கே பெரியம்மை வந்து ஒமகாயாஸின் தம்பிக் கைக்குழந்தையைக் கொண்டுபோகிறது. இந்நூலைப் படித்துவிட்டு வரும் பிள்ளைக்குக் கான்சாஸ் புல்வெளி காலியிடமாகத் தெரியாது. வரிசை மாறினால் பயன் பாதியாகிவிடும்: முதலில் படித்த கதை வீடாகவும் அடுத்தது அண்டை வீடாகவும் மனத்தில் பதிந்துவிடுகிறது.

எதிர்க்குரல் என்றால் இரு பக்கத்துக்கும் சமநீதி என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அடிமை முறைக்கு நியாயம் சொல்லும் நூலொன்றையும் கண்டிக்கும் நூலொன்றையும் சேர்த்து வைப்பது தேர்வாகாது. கொடுமையை அனுபவித்தவரின் பக்கத்திலிருந்து எழுந்த குரல் உள்ளே வர வேண்டும் என்பதே கோரிக்கை. அக்குரல் இல்லாத நூலுக்கு ஓர் எடுத்துக்காட்டு: 2016 ஜனவரியில் ஸ்காலஸ்டிக் பதிப்பகம் ஒரு படக்கதையை வெளியிட்ட சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. ஜார்ஜ் வாஷிங்டனின் அடிமைச் சமையற்காரர் ஹெர்குலிஸ் தன் எசமானின் பிறந்தநாளுக்குச் சிரித்த முகத்தோடு கேக் செய்யும் கதை அது. உண்மையில் ஹெர்குலிஸ் வாஷிங்டனின் பண்ணையான மவுன்ட் வெர்னனிலிருந்து தப்பியோடியது 1797 பிப்ரவரி 22, வாஷிங்டனின் 65ஆம் பிறந்தநாள்.

சிறு வயதில் கொடுமைகளைக் காட்டலாமா என்ற கவலை நியாயமானதே. ஆனால் அளவாகக் காட்டத் தெரிந்த எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். மில்ட்ரெட் டெய்லரின் ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை கிரை’ (1976) 1933ஆம் ஆண்டு மிசிசிப்பியில் தொடங்குகிறது. பள்ளியின் முதல் நாள், ஆறு வயது லிட்டில் மேனுக்கு ஒரு பாடநூல் கிடைக்கிறது. அட்டையின் உட்புறத்தில் ஓர் அட்டவணை: வழங்கிய நாள், நூலின் நிலை, மாணவரின் இனம். பதினொரு முறை வெள்ளைப் பிள்ளைகளிடம் போய்க் கிழிந்த பின்னரே பன்னிரண்டாம் வரியில் கறுப்புப் பிள்ளைக்கு அது வருகிறது. அவன் அதைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். ஆசிரியையான அவன் தாய் அந்த அட்டவணைகள்மேல் தாள் ஒட்டி மறைக்கிறாள். அடிமை முறையைப் பற்றிப் பாடநூலில் இல்லாததைக் கற்பித்ததற்காக வேலையையும் இழக்கிறாள். இரத்தமில்லாத அந்த ஒரு பக்கம், இனவேறுபாட்டுச் சட்டங்களைப் பற்றிய ஓர் அத்தியாயத்துக்கு ஈடு. நாவலின் பிற்பகுதி கடுமையானது. பத்து வயதுக்கு முன் வேண்டாம்.

எல்லா வீட்டுக்கும் எல்லா நூலையும் வாங்க வசதி இராது. வைல்டரா எர்ட்ரிக்கா என்று ஒன்றைத்தான் விலை கொடுத்து வாங்க முடியுமென்றால் எர்ட்ரிக்கை வாங்குங்கள். வைல்டர் ஏறக்குறைய எந்த அமெரிக்கப் பொது நூலகத்திலும் இரவலுக்குக் கிடைப்பார்.